கூப்பிடாத பங்கு

ஏரிக்கரையில் தன் வயதுப் பெண்களில் சொந்தப் பெயரோடு மிஞ்சியிருந்தவள் தியாம்சா ஒருத்திதான். அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களெல்லாம் முதல் பிள்ளை பிறந்ததும் தோகாரின் அம்மா, ரூமிரிஸின் அம்மா என்று ஆனார்கள். பேரன் பேத்தி வந்ததும் அந்தப் பெயரையும் கழற்றிப் போட்டுவிட்டு இன்னாரின் பாட்டி ஆனார்கள். இப்போது அவர்களை இயற்பெயரால் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள். தியாம்சாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் ஊருக்கு அவள் வெறும் தியாம்சா.

பதினாறு வயதில் சபை மருந்தகத்தில் வெந்நீர் போடப் போனாள். அங்கே இருந்த ஜெர்மன் சிஸ்டருக்குப் பொறுமை கிடையாது. நம் படாக் மொழியில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடும், உடனே ஜெர்மனில் கத்துவார். ஒன்பது வருடம் அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டே தியாம்சாவுக்கு ஜெர்மன் வந்துவிட்டது. கொதிக்க வை, துடை, சீக்கிரம், மறுபடியும் என்று அந்த வரிசையில்தான் வந்தது. சிஸ்டர் ஊருக்குப் போன பிறகு மருந்தகத்தையும் மூடினார்கள். தியாம்சா அண்ணன் வீட்டுப் பக்கவாட்டு அறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்க உட்கார்ந்தாள்.

அதற்குப் பத்து வருடம் கழித்து, ஜெர்மனியில் ஏதோ ஒரு வட்டாரத்து லுத்தரன் சபைக்கும் நம் ஏரிக்கரை வட்டாரத்துச் சபைக்கும் தோழமை என்று ஒன்று ஏற்பட்டது. முதல் கடிதம் வந்தபோது அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் நேராகப் பிடித்தாலும் ஒன்றுதான் என்ற நிலைமை. கடைசியில் அது தையல் மிஷினுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இருபத்துமூன்று வருடம், அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அவள்தான் படித்துச் சொன்னாள். இங்கிருந்து போன ஒவ்வொன்றையும் அவள்தான் எழுதினாள். தெரியாத சொற்களை ஒரு பள்ளி நோட்டில் குறித்து, அடுத்து விருந்தாளி யாராவது வரும்போது வாயிலில் நிறுத்தி வைத்துக் கேட்பாள். அவர்கள் களைப்பாக இருக்கிறார்கள், உள்ளே வந்து உட்காரட்டும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால் காதில் வாங்கமாட்டாள். அவள் ஜெர்மன் கடைசி வரைக்கும் மருந்தக ஜெர்மனாகவேதான் இருந்தது. கோயில் கூரைக்கு உதவி கேட்டு எழுதினால்கூட, காயத்துக்குக் கட்டுப் போடச் சொல்வது போலத்தான் இருக்கும். அங்கே உள்ளவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. குட்ரூன் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை, அந்தப் பக்கத்துக் குழுவில் இருப்பவர், குழுவுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் தியாம்சாவுக்கென்று தனியாக நாலு வரி எழுதுவார்.

இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அவள் மனதில் கிடந்தது வேறொன்று.

இந்தக் கரையில் விருந்து என்றால் பன்றி, பன்றி என்றால் பங்கு. ஜம்பார் என்போம். தலை யாருக்கு, விலா யாருக்கு, வால்பக்கம் யாருக்கு என்று உண்டு. பெண் கொடுத்த வீட்டார், பெண் எடுத்த வீட்டார், ஒரே குலத்தார், ஊரார், சபை ஊழியர் என்று வரிசையாக எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, துண்டைக் கையில் கொடுப்பார்கள். பல்லில்லாத கிழவர் அந்தத் துண்டைத் தின்னப்போவதில்லை. இந்தக் காரியத்தில் உனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று ஊர் வாயால் சொல்வதுதான் பங்கு. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் பங்குப் பட்டியலைத் திருத்தமான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பவள் தியாம்சா. இருபத்துமூன்று வருடப் பட்டியலில் அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனிப் பங்கு ஏது?

ஒரு விருந்தில் குட்ரூன் அவளிடம், "இதில் உன் துண்டு எது?" என்று கேட்டார். "நான் சமையலறை," என்றாள் தியாம்சா. தோழமைக் குழுவின் தலைவராக இருந்த போதகர் தம்புனானுக்கு அந்த அளவு ஜெர்மன் புரிந்துவிட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய கூட்டத்தில்தான் சொன்னார்.

"அடுத்த தலைவரை வரவேற்கிற விருந்துல தியாம்சா பேருக்கு ஒரு பங்கு கூப்பிடணும்."

முறை தெரிந்த பெரியவர் லுஹுத்தின் தாத்தா. பங்கு கூப்பிடுபவரும் அவர்தான். "இதென்ன ஐயா புதுக்கதை? கட்டிக் குடுத்திருந்தா புருஷன் வீட்டுப் பங்குல அவ இருப்பா. கட்டிக் குடுக்கலையா, அண்ணன் வீட்டுப் பங்குல இருக்கா. தனியா ஒரு பங்குக்கு அவ எங்க நிக்கிறா, காட்டுங்க பாப்போம்."

"தையல் மிஷின்கிட்ட நிக்கிறா. லெட்டர் எல்லாம் அவ அண்ணனா எழுதினான்?"

"அவன் எழுதியிருந்தா ஜெர்மன்காரங்க அன்னிக்கே ஓடியிருப்பாங்க," என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

தியாம்சா கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. தன் பங்கைப் பற்றித் தானே பேசுவது இந்தக் கரையில் யாரும் செய்யாத காரியம். பசியில் விழுந்தாலும் செய்யமாட்டார்கள். 'ஒரு பொருள் குறித்துப் பேசப்பட்டது' என்று மட்டும் எழுதினாள்.

கிழவர் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கினார். "விலா தர முடியாது. அது பொண்ணு குடுத்தவங்களோடது. தலை பேச்சுக்கே இல்ல. முன்னங்கால் மூட்டு வேணா... அது கூட்டாளிகளுக்கு உள்ளது. கூட்டாளின்னு வெச்சுக் கூப்பிட்டா எந்த முப்பாட்டனும் எந்திரிச்சு வந்து என்னைக் கேக்கமாட்டான்."

"பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"சொல்லாம? அவளுக்குத்தான் அதை விட்டா வேற பேரே இல்லையே!"

அன்று சாயங்காலம் அண்ணி, தோகாரின் அம்மா, வாசலிலேயே ஆரம்பித்தாள். "மகாராணிக்கு மூட்டு வருதாமே! எங்க வெச்சு வேக வைப்பீங்க? என் அடுப்புலதானே?"

"உன் அடுப்புலதான், அண்ணி. உனக்கும் ஒரு கிண்ணம் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தர்றேன்."

"முதல்ல உனக்குக் கூப்பிடட்டும்டி. அப்புறம் எங்களுக்குக் கூப்பிடலாம்," என்றாள் அண்ணி. அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். தியாம்சா பிறருடைய துணியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தனக்கென்று ஒரு சட்டை தைத்தாள். கழுத்துப் பட்டியை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

தம்புனான் ஓய்வு பெற்று, மகளோடு இருக்க ஜகார்த்தா போய்விட்டார். புதுத் தலைவராக வந்தவர் போதகர் சாஹாத். நாற்பது வயது, மேடான் நகரத்தில் வளர்ந்தவர், ஜெர்மனியில் இரண்டு வருடம் படித்தவர். நல்ல மனிதர். அதை இப்போதும் யாரும் மறுக்கமாட்டார்கள், தியாம்சாவும் மறுக்கமாட்டாள். பொறுப்பை வாங்கிய வாரமே அவளுடைய தையல் அறைக்கு நடந்தே வந்தார். அவளை எழுந்திருக்க விடாமல், தானே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்புனான் ஐயா போன்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார், அம்மா. தியாம்சாவைப் பாத்துக்குங்கன்னார்."

"அவருக்கு நல்ல மனசு."

"அதான் வந்தேன். இத்தனை வருஷம் நீங்க பட்ட கஷ்டம் போதும். இனிமே எல்லாம் நானே பாத்துக்கறேன். ஃபைலை மட்டும் குடுங்க."

கடைசியாக வந்திருந்த கடிதத்தை எடுத்துத் தன் போனால் படம் பிடித்தார். மூச்சு விடும் நேரத்தில் அது இந்தோனேசிய மொழியில் வந்து நின்றது. "பாருங்க!" என்று குழந்தை மாதிரி நீட்டினார். தியாம்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தாள். தப்பு தேடினாள் என்றே சொல்ல வேண்டும். சின்னதாக இரண்டு இருந்தன. மற்றதெல்லாம் சரி. அவள் அரை நாள் எடுத்துக்கொண்டு செய்வதை அது சரியாகவே செய்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு, ஐயா," என்றாள்.

ஆறு கட்டு ஃபைலை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். வாசல்படியில் திரும்பி, "வரவேற்புக்குக் கட்டாயம் வரணும், அம்மா. குட்ரூன் அம்மாவும் வர்றாங்க. சாயங்காலமே அவங்களுக்கு விமானம், அதனால நிகழ்ச்சியைச் சுருக்கமா வெச்சிருக்கேன்," என்றார்.

சுருக்கமாக என்றால் எதைச் சுருக்கியிருக்கிறார் என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. பங்குப் பட்டியலை இந்தத் தடவை எழுதச் சொல்லி யாரும் வரவில்லையே என்பதும் உறைத்தது. ஆனால் தன் பெயர் இருக்கும் பட்டியலைப் பற்றித் தானே எப்படிக் கேட்பது? வேறு யாராவது எழுதுவார்கள், அதுதானே முறை என்று சமாதானம் செய்துகொண்டாள். லுஹுத்தின் தாத்தா, புதுப் போதகருக்குத் தம்புனான் சொல்லியிருப்பார் என்று இருந்தார். தம்புனான், அது கூட்டத்தில் முடிவான விஷயம், லுஹுத்தின் தாத்தா பார்த்துக்கொள்வார் என்று இருந்தார். அவளுக்காகப் பேச வேண்டிய இரண்டு பேரும் இப்படி இருந்துவிட்டார்கள்.

வரவேற்பு நாள் காலையில் சபை மண்டபம் நிறைந்துவிட்டது. புதுச் சட்டையோடு தியாம்சா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேளமும் குழலும் முழங்க, பெண் கொடுத்த வீட்டார் ஆடிக்கொண்டே வந்து போதகர் சாஹாத்தின் கறுப்பு அங்கிமேல் மரியாதைக்குப் போர்த்தும் உலோஸ் துணியைப் போர்த்தினார்கள். குட்ரூன் எழுந்து பேசினார். பேச்சின் இடையில் அவர் கண் வழக்கம்போலத் தியாம்சாவைத் தேடி வந்தது. தியாம்சாவும் பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் சாஹாத் ஒலிபெருக்கியை வாங்கித் தானே மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். அவர் ஜெர்மனில் ஒரு குறையும் இல்லை. தியாம்சா மடிப்பைச் சரிசெய்வது போலச் சாரோங்கை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பேச்சு முடிந்தது. இனிப் பங்கு. லுஹுத்தின் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு எழப் பார்த்தார். சாஹாத் ஒலிபெருக்கியை விடவில்லை.

"அன்பானவங்களே, தலை வாங்கினவர், வால் வாங்கினவர்னு கடவுளுக்கு முன்னால வித்தியாசம் கிடையாது. இன்னிக்கு ஒரு புதுத் தொடக்கம். யாரையும் முதல்ல கூப்பிடப் போறதில்ல, யாரையும் கடைசில கூப்பிடப் போறதில்ல. விருந்தாளியில இருந்து வாசல் பெருக்கறவர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பெட்டிச் சாப்பாடு!"

அதையே ஜெர்மனிலும் சொன்னார். விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். குட்ரூன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பங்கு?" என்று லுஹுத்தின் தாத்தாவின் குரல் எழுந்தது. "பங்கு கூப்பிடாம என்னய்யா விருந்து? நாய்க்குப் போடற மாதிரி..." சபை மூப்பர் ஒருவர் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். கிழவர் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா," என்றார் சாஹாத், "சமையலறையில காலைல இருந்து உழைக்கிற தாய்மாருக்கு நன்றி. அவங்க பேரையெல்லாம் சொல்ல இப்ப நேரமில்ல."

கரண்டி போதவில்லை என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். தியாம்சா எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கேயாவது நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பின்பக்க மேடையில் வாழையிலை விரித்து, மூன்று பேர் கறி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் போகும் பொடித்துண்டு இல்லை. முழுத் தலை பிளக்காமல் இருந்தது. விலா நீளமாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் பையில் போய், பைமேல் காகிதம் ஒட்டப்பட்டது. லுஹுத்தின் தாத்தாவுக்குத் தலை. பெண் கொடுத்த வீட்டாருக்கு விலா. ஊர்ப் பெரியவருக்கு ஒன்று. தோகாரின் அப்பாவுக்கு, அதாவது அவள் அண்ணனுக்கு, ஒன்று. தியாம்சா எல்லாக் காகிதத்தையும் படித்தாள். இருபத்துமூன்று வருடம் அவள் எழுதிய பட்டியல்தான், வரிசைகூட மாறவில்லை.

"இது யார் ஏற்பாடு?"

"புது ஐயாதான். பெரியவங்க மனசு நோகக் கூடாதாம், பின்வாசல் வழியா குடுத்துடச் சொன்னார்," என்றான் கறி வெட்டுபவன். "வெள்ளைக்காரங்க கண்ணுல படாம."

அண்ணி அடுப்படியில் இருந்தாள். அவளும் பைகளைப் பார்த்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சாஹாத் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே வர, அண்ணி கரண்டியோடு அவர் எதிரில் போய் நின்றுகொண்டாள்.

"ஏன் ஐயா, எல்லாருக்கும் ஒரே பெட்டின்னு மைக்குல சொன்னீங்க. இதெல்லாம் யாருக்கு, உங்க கடவுளுக்கா?"

"அம்மா, அது வந்து... பழக்கத்தை ஒரே நாள்ல மாத்த முடியாதில்லையா..."

"மாத்த முடியாததை மாத்தல, சரி. இதோ நிக்கிறாளே, இவளுக்கு ஒரு மூட்டு பேசி வெச்சிருந்தாங்க. கூட்டத்துல முடிவானது. அது எந்தப் பையில இருக்கு?"

"அண்ணி, சும்மா இரு," என்றாள் தியாம்சா.

சாஹாத்தின் முகம் வெளுத்துவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியாது. "ஐயோ, எனக்கு யாரும் சொல்லலையே. அம்மா, நீங்களாவது அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தம்பி, முன்னங்கால் மூட்டு ஒண்ணு எடு. நல்லதா, பெருசா எடு. பையில போட்டு அம்மா பேரை எழுது."

கறி வெட்டுபவன் எடுத்தான், போட்டான், எழுதினான். பை அவள் முன்னால் வந்தது.

"கூப்பிட்டுக் குடுத்தாத்தான் ஐயா அது பங்கு," என்றாள் தியாம்சா. "கூப்பிடாம குடுத்தா வெறும் கறி. கறி நான் சந்தையில வாங்கிக்கிறேன்."

பையை மேடைமேலேயே வைத்துவிட்டுக் கரண்டிகளை எண்ணிக் கூடையில் அடுக்கினாள். வெளியே படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், சாஹாத் போய்விட்டார்.

வண்டி கிளம்பும்போது குட்ரூன் அவளைத் தேடிப் பின்பக்கம் வந்தார். "படத்துக்கு ஏன் வரவில்லை? இனி எனக்கு யார் எழுதுவார்கள்?"

"தொலைபேசி எழுதும்," என்றாள் தியாம்சா. குட்ரூன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு அவள் சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் வண்டியில் ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் லுஹுத்தின் தாத்தா தடியூன்றி வந்தார். தன் பங்கில் ஒரு துண்டை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "உன் பேரைச் சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன், பிள்ள. முன்னால என்ன வார்த்தை, பின்னால என்ன வார்த்தைன்னு எல்லாம் ரெண்டு நாளா யோசிச்சு..."

"காதுல என்ன சொன்னாங்க, பெரியப்பா?"

கிழவர் தடியைப் பார்த்தார். "தலை வீட்டுக்கு வரும்னாங்க."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப சரி," என்று அவள் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாமல் அவர் எழுந்து போனார். இலைப் பொட்டலத்தை அண்ணி எடுத்து அடுப்பில் வைத்தாள். தியாம்சா அதைத் தொடவில்லை.

ஆறு வாரம் கழித்துச் சாஹாத் ஒரு கடிதத்தோடு அதே முக்காலியில் வந்து உட்கார்ந்தார். குட்ரூன் எழுதியது. இந்தத் தடவை தட்டச்சு இல்லை. மைப்பேனாவால், சாய்ந்து நெருங்கிய பழங்காலக் கையெழுத்தில், முன்னும் பின்னும் எழுதியிருந்தது. போனில் மூன்று தடவை படம் பிடித்தும் குப்பை குப்பையாகத்தான் வருகிறது என்றார் சாஹாத். அவருக்கும் அந்த எழுத்து பிடிபடவில்லை. "உங்களுக்கு அவங்க கையெழுத்து பழக்கமாச்சே, அம்மா. படிச்சுச் சொல்லுங்க. குழுவுக்கு ஏதாவது முக்கியமா இருக்கப் போகுது."

தியாம்சா கண்ணாடியைப் போட்டாள். மேலே குழுவின் பெயரும் புதுத் தலைவரின் பெயரும் இருந்தன. கீழே முதல் வரியிலேயே அவள் பெயர் இருந்தது. அன்று தியாம்சாவை ஏன் யாரும் அழைக்கவில்லை என்று குட்ரூன் கேட்டிருந்தார். எல்லாரும் சமம் என்றதும் எழுந்து நின்று கை தட்டினேன், வெளியே வந்து வண்டியருகில் நின்றபோது ஆட்கள் கறுப்புப் பைகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன், அதில் என்ன இருந்தது, அதில் ஒன்று அவளுடையதா, இதற்குப் பதில் வராமல் அடுத்த வருடத் தோழமையைப் பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை என்று அந்தப் பக்கம் முடிந்தது.

சாஹாத் ஆவலோடு காத்திருந்தார். இதை அவள் வாயால் வாசித்தால், தன் பங்கைத் தானே கேட்டதாக ஆகும். மொழிபெயர்த்தேன், எழுதியதைத்தான் சொன்னேன் என்றாலும் ஊர் அப்படி எடுத்துக்கொள்ளாது. அவளே அப்படி எடுத்துக்கொள்ளமாட்டாள்.

பின்பக்கத்தைத் திருப்பாமல் கடிதத்தை நீட்டினாள்.

"கண்ணு மங்கிப்போச்சு, ஐயா. எழுத்து தெரியல."

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூடத் தெரியல."

"பரவால்ல அம்மா. மேடான்ல வயசான பேராசிரியர் ஒருத்தர் இருக்கார், இந்த மாதிரி எழுத்தெல்லாம் படிப்பார். அனுப்பி வெக்கிறேன்."

"அனுப்புங்க," என்றாள்.

ஒரு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எல்லாரும் வாசலில் போதகருக்குக் கை கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். தியாம்சாவின் முறை வந்தது. எப்போதும் "எப்படி இருக்கீங்க, அம்மா?" என்று உரக்கக் கேட்கும் சாஹாத், அன்று அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தார், முகத்தைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே ஏரியைப் பார்த்தார். அடுத்தவர் கைக்கு அவசரமாக நகர்ந்தார்.

பேராசிரியர் படித்துச் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வருடக் குழுக் கூட்டத்துக்கு அவளுக்கு அழைப்பு வரும் என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தாள். வரவில்லை.